46 வருஷம் விடாமல் எழுதியவர்: மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன்னு ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா? நம்ம கேம்பஸ்ல யாரைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதுல தப்பும் இல்லை. நாம பிறக்கிறதுக்கு முன்னாடியே, 1996-லயே அவர் இறந்துட்டார். ஆனா சுற்றுச்சூழல் பத்தி எழுதறதை யாரும் ஒரு வேலையாவே நினைக்காத காலத்துல, அதையே வாழ்க்கையா வச்சுக்கிட்ட தமிழர் அவர்.

இப்போ ஒவ்வொரு பெரிய பத்திரிகையிலயும் அறிவியல், சுற்றுச்சூழல், மருத்துவம்னு தனித்தனி நிருபர்கள் இருக்காங்க. கொரோனா வந்தப்போ அவங்க எழுதினதைத்தான் நாம வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருந்தோம். இந்தத் துறைக்கு இந்தியாவுல பாதை போட்டவங்கள்ல ஒருத்தரோட கதைதான் இது.

பெருங்குளம் ஹவுஸ்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில பிறந்தார். அப்பா அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அதே மாதவையாதான். தமிழ் நாவல் வரலாற்றுல முதல் வரிசையில வர்ற பெயர். உப்பு இலாகாவுல அரசாங்க வேலை பார்த்தவர், ஓய்வு வாங்கிக்கிட்டு 'பஞ்சாமிர்தம்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். சென்னை மயிலாப்பூர்ல பெருங்குளம் ஹவுஸ்னு வீடு. எட்டுக் குழந்தைகள்ல கடைக்குட்டி கிருஷ்ணன்.

1925 அக்டோபர்ல மாதவையா சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்துக்குப் போனார். பி.ஏ. படிப்புல தமிழைக் கட்டாயப் பாடமாக்கணும்னு பேசினார். பேசி முடிச்ச கொஞ்ச நேரத்துல அங்கேயே இறந்துட்டார். அப்போ கிருஷ்ணனுக்கு வயசு 13. தமிழுக்காகப் பேசி உயிரை விட்டவரோட பையன், பின்னாடி ஆங்கிலத்துல எழுதித்தான் பெரும் பேர் வாங்கினார். ஆனா தமிழையும் அவர் விடலை. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அன்னைக்கு மயிலாப்பூர் இப்போ நாம பார்க்கிற மயிலாப்பூர் இல்லை. புதர்க்காடும் தோப்பும் நரியும் பறவையுமா இருந்த இடம். பையன் வீட்ல ஒரு கீரி வளர்த்தான். பள்ளிக்கூடத்துல படிச்சதைவிடத் தோட்டத்துல படிச்சதுதான் அதிகம்னு சொல்லலாம்.

பிரசிடென்சி காலேஜ்ல தாவரவியல் எடுத்தார். அங்க பி.எஃப். ஃபைசன்னு ஒரு பேராசிரியர். நீலகிரி, பழனி மலைகளோட தாவரங்களைப் பத்தி முக்கியமான புத்தகங்கள் எழுதினவர். மாணவர்களை மலைக்குக் கூட்டிட்டுப் போய்ச் செடியைக் கையில கொடுத்துச் சொல்லித் தருவார். அவரோட மனைவி கிருஷ்ணனுக்கு வாட்டர் கலர் ஓவியம் கத்துக் கொடுத்தாங்க. ஒரு செடியை வரையணும்னா இலை எங்க ஒட்டியிருக்கு, நரம்பு எப்படி ஓடுதுன்னு பார்த்தே ஆகணும். இப்படிப் பார்த்துப் பழகினதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் சோறு போட்டது.

வேலை இல்லாத பட்டதாரி

அப்புறம் சட்டமும் படிச்சார். அண்ணன் அனந்தநாராயணன் அதே சட்டத்துறையில மேல மேல போய்ச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாவே ஆனவர். தம்பிக்கு அந்த வழி ஒத்துவரலை. அச்சகத்துல கொஞ்ச நாள், வானொலியில கொஞ்ச நாள்னு போச்சு. நடுவுல பத்திரிகைகளுக்குப் படம் வரைஞ்சு கொடுத்தார், எழுதினார். பிளேஸ்மெண்ட் சீசன்ல இருக்கிற நமக்கு இந்த நிலைமை புரியாம இருக்காது.

1942-ல பெல்லாரிப் பக்கத்துல இருந்த சண்டூர் சமஸ்தானத்துல வேலை கிடைச்சது. வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவோட அரசியல் செயலாளர்னு அங்க அவர் பார்க்காத வேலை இல்லை. ஆனா அவருக்கு முக்கியம் சுத்தி இருந்த காடு. நேரம் கிடைச்சப்போ எல்லாம் மலையேறிப் போய்ப் பார்த்தார், குறிச்சுக்கிட்டார். ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார். 1949-ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சதும் சென்னைக்குத் திரும்பிட்டார்.

அதுக்கப்புறம் அவர் எங்கேயும் மாசச் சம்பளத்துக்குப் போகலை. எழுத்து, புகைப்படம், ஓவியம், இதுதான் வருமானம். குடும்பஸ்தன் ஒருத்தர் 37 வயசுல எடுத்த முடிவு இது. இப்போ ஃப்ரீலான்சர்னு கெத்தா சொல்லிக்கிறோம். 1950-ல அதுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கன்ட்ரி நோட்புக்

1950-ல கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ்ல 'கன்ட்ரி நோட்புக்'னு ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சார். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. கூடவே அவர் கையால வரைஞ்ச கோட்டோவியம். மெட்ராஸ்ல உட்கார்ந்து கல்கத்தா பத்திரிகைக்குத் தபால்ல அனுப்பணும். இப்படி 46 வருஷம். கணக்குப் போட்டா ஆயிரத்துக்கு மேல வருது.

எதைப் பத்தி எழுதினார்? புலி, யானை மட்டும் இல்லை. காக்கா, அணில், பல்லி, ஆந்தை, ஆடு, வீட்டுக் கொல்லையில வர்ற கொண்டலாத்தி எல்லாமே அவருக்கு விஷயம்தான். அபூர்வமான மிருகத்தைத் தேடிக் காட்டுக்குப் போகணும்னு இல்லை, வீட்டு ஜன்னல் வழியாப் பார்த்தாலே எழுத விஷயம் இருக்குன்னு அவர் காட்டினார். 1961-ல வந்த அவரோட புத்தகத்துக்கே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'னுதான் பேரு. காடும் கொல்லையும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ரேச்சல் கார்சனோட 'சைலன்ட் ஸ்பிரிங்' வந்தது 1962-ல. பூச்சிக்கொல்லி பறவைகளை எப்படிக் கொல்லுதுன்னு அந்தப் புத்தகம் சொன்ன அப்புறம்தான் உலகம் சுற்றுச்சூழல்னு பேச ஆரம்பிச்சதுன்னு நம்ம இ.வி.எஸ். புத்தகத்துல படிச்சிருப்பீங்க. அதுக்குப் 12 வருஷம் முன்னாடியே ஒரு இந்திய நாளிதழ்ல இந்தப் பத்தி வர ஆரம்பிச்சிடுச்சு.

அவர் வேலை செஞ்ச முறை நம்ம லேப் ரெக்கார்டுக்கு நேர் எதிர். நாம முடிவை முதல்ல எழுதிட்டு ரீடிங்கை அதுக்கு ஏத்த மாதிரி போடுவோம். அவர் முதல்ல பார்ப்பார். ஒரே மிருகத்தைப் பல நாள், பல பருவத்துல பார்ப்பார். யாரோ சொன்னதை அப்படியே எழுத மாட்டார். தான் பார்த்ததை எழுதுவார்.

புகைப்படமும் அப்படித்தான். வெவ்வேறு கேமராவோட பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா செஞ்சுக்கிட்டார். கனமா இருந்ததாலேயோ என்னவோ அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வச்சார். கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளைதான். முதுமலையில பழக்கின யானை மேல ஏறி உட்கார்ந்து காட்டு யானைகளைப் படம் பிடிச்சார். மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்க சொல்ற புரோட்டோடைப், டிஐஒய் எல்லாம் அவர் அப்பவே செஞ்சு முடிச்சாச்சு.

எழுத்து எதுக்கு உதவுச்சு?

1968-ல அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைச்சது. தென்னிந்தியக் காடுகள்ல இருக்கிற பாலூட்டிகளோட நிலைமையை ஆராய்ஞ்சார். அது 1975-ல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வழியாப் புத்தகமா வந்தது. பத்மஸ்ரீயும் கிடைச்சது. இந்திய வனவிலங்கு வாரியத்துலயும், 1973-ல தொடங்கின புலிகள் திட்டத்தோட வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். பட்டம் வாங்கின விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த மேஜையில ஒரு பத்தி எழுத்தாளருக்கும் நாற்காலி போட்டாங்கன்னா, அவர் கையில இருந்த நோட்டுப் புத்தகம்தான் காரணம்.

வேடந்தாங்கலைப் பத்தி அவர் எழுதினதும் முக்கியம். அந்த ஏரியில பறவைகளோட எச்சம் விழுந்து தண்ணி உரமாகுது, அந்தத் தண்ணி வயலுக்குப் பாயுது, விளைச்சல் நல்லா இருக்கு. அதனால ஊர் மக்களே தலைமுறை தலைமுறையாப் பறவைகளைச் சுட விடாமக் காப்பாத்தினாங்க. நைட்ரஜன் சுழற்சியை நாம படம் வரைஞ்சு அஞ்சு மார்க் வாங்கறோம். அவங்க அதை வச்சு ஒரு சரணாலயத்தையே உருவாக்கிட்டாங்க.

இன்னொரு விஷயத்துல அவர் ரொம்பப் பிடிவாதம். வெளிநாட்டு மரங்களைக் கொண்டு வந்து நடக் கூடாதுன்னு திரும்பத் திரும்ப எழுதினார். குல்மோஹர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது. மே மாசம் சிவப்பாப் பூக்கும், செல்ஃபிக்கு அழகா இருக்கும். ஆனா புங்கன், பூவரசு, வேம்பு, ஆல் மாதிரி இந்த மண்ணோடவும் பூச்சி, பறவையோடவும் பல நூற்றாண்டாப் பழகின மரங்கள் நமக்கு இருக்கே, அதை விட்டுட்டு ஏன் இதுன்னு அவர் கேட்டார். ஒரு நாட்டோட அடையாளம் அதோட செடி கொடியிலயும் மிருகத்துலயும்தான் இருக்குங்கறது அவரோட நம்பிக்கை.

எல்லாத்துலயும் அவரோட உடன்படணும்னு இல்லை. காட்டை மனுஷன் தொடாம விட்டாலே அது தானா மீண்டு வரும், அதனால காட்டுக்குள்ள மனுஷத் தலையீடே கூடாதுன்னு அவர் உறுதியா இருந்தார். நம்ம மாவட்டத்துல ஜவ்வாது மலை இருக்கு. அங்க தலைமுறைகளா வாழற மலைவாழ் மக்கள்கிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா? 2006-ல வன உரிமைச் சட்டம் வந்ததே அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான். இந்த இடத்துல அவர் பார்வை போதாதுன்னு நினைக்கிறேன். மிருகத்தை அவ்வளவு பொறுமையாப் பார்த்தவர், காட்டுக்குள்ள வாழற மனுஷனையும் அதே பொறுமையோட பார்த்திருக்கலாம்.

தமிழ்ல

தமிழ்லயும் அவர் எழுதினார். பெரியசாமித் தூரன் தொகுத்த கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் கொடுத்தார். சங்கப் பாட்டுல வர்ற மிருகம், பறவை எல்லாம் நிஜத்துல எதுன்னு யோசிச்சார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்'னு ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கார். அவரோட தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 2002-ல 'மழைக்காலமும் குயிலோசையும்'னு காலச்சுவடு வெளியிட்டது. ஆங்கில மீடியத்துல படிச்சுட்டுத் தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிக்கிறவங்களுக்கும் இந்தப் புத்தகம் பயமுறுத்தாது. தாராளமா எடுங்க.

இப்போ நம்ம மலைக்கு வருவோம்

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம அண்ணாமலையார் மலைச் சரிவுல மண் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஏழு பேர் இறந்தாங்க. குழந்தைகளும் இருந்தாங்க. நாடு முழுக்க இருந்து கேமரா வந்தது. அடுத்த சில நாள்ல தீபத்துக்குக் கேமரா திரும்பிடுச்சு. அதுக்கப்புறம்?

மண் ஏன் சரிஞ்சது, சரிவுல எவ்வளவு வீடு இருக்கு, தண்ணி இறங்கற பாதை எது, மரம் இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் என்ன வித்தியாசம்? இதெல்லாம் ஒரு நாள் செய்தி இல்லை. பல வருஷம் அதே மலையைப் பார்த்துக்கிட்டே இருக்கிற ஒருத்தர்தான் எழுத முடியும். போபால்ல யூனியன் கார்பைடு ஆலை ஆபத்துன்னு ராஜ்குமார் கேஸ்வானிங்கிற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982-லயே எழுதினார். யாரும் கேட்கலை. 1984 டிசம்பர்ல என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். அவர் முன்கூட்டியே எழுத முடிஞ்சதுக்குக் காரணம், அவர் அந்த ஊர்லயே இருந்தார், அந்த ஆலையைவிட்டுக் கண்ணை எடுக்கலை.

நம்ம ஊர்லயும் பார்க்க விஷயம் நிறைய இருக்கு. மொட்டையாக் கிடந்த மலைச் சரிவுல தன்னார்வலர்கள் பல வருஷமா நாட்டு மரங்களை நட்டு வளர்க்கிறாங்க. கோடையில தண்ணிக்குக் கீழ இறங்கற மான்கள் நாய்கிட்டயும் வண்டியிலயும் மாட்டுது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் காலையில என்ன குவிஞ்சிருக்குன்னு நீங்களே பார்த்திருப்பீங்க. இதை யார் தொடர்ந்து குறிச்சு வைக்கிறது?

சிவில் படிக்கிறவங்களுக்குச் சரிவோட கோணம் தெரியும். ஈ.சி.இ. மக்களுக்கு மண்ணோட ஈரத்தை அளக்கிற சென்சார் தெரியும். ஐ.டி.க்காரங்களுக்குத் தரவை மேப்ல போடத் தெரியும். கிருஷ்ணன்கிட்ட இதெல்லாம் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கேமரா, நிறையப் பொறுமை, அவ்வளவுதான். நம்மகிட்ட இல்லாதது அந்தக் கடைசி ஒண்ணு மட்டும்தான்.

அதனால ஒரு வேண்டுகோள். இந்த செமஸ்டர்ல ஒரே ஒரு மரத்தையோ, ஒரு குளத்தையோ, மலையோட ஒரு பக்கத்தையோ எடுத்துக்கோங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து, தேதி போட்டு எழுதுங்க. நம்ம இதழுக்கு அனுப்புங்க, போடறோம்.

மா. கிருஷ்ணன் 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி, 83 வயசுல இறந்தார். அன்னைக்குக் காலையில வந்த 'ஸ்டேட்ஸ்மன்'லயும் அவரோட பத்தி இருந்தது.