சம்பாரண் வாய் திறந்தது

1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகளை ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி அணுகினார். பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களை அவுரி பயிரிடுமாறு கட்டாயப்படுத்தி வந்தனர். இருபது கத்தா நிலத்தில் மூன்று கத்தா அவுரிக்கே உரியது. இதுவே தீன்கதியா முறை. அடிகளோ அதுவரை சம்பாரணின் பெயரைக்கூட அறிந்திலர்.

1917 ஏப்ரலில் மோதிஹாரி சென்ற அவரை வெளியேறுமாறு அரசு ஆணையிட்டது. அவர் பணிய மறுத்து, நீதிமன்றத்தில் அதனை ஒப்புக்கொண்டார். அரசு வழக்கைக் கைவிட்டது.

அதன்பின் அவர் மேற்கொண்ட பெரும்பணி, மக்கள் கூறுவதைக் கேட்பதே. ராஜேந்திர பிரசாத் முதலிய வழக்கறிஞர்கள் எழுத்தர்களாக அமர்ந்து, குடியானவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தனர். ஒவ்வொருவரும் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார், ஐயத்திற்குரியவை விலக்கப்பட்டன. உளவுத்துறை அதிகாரிகள் அங்கிருக்கவும் அடிகள் இசைந்தார். அவர்கள் முன்னிலையிலேயே தம் துயரைச் சொல்லச் சொல்ல, எளியோரின் அச்சம் அகன்றது, மிகைப்படுத்தலும் குறைந்தது.

இவ்வாறு ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் திரண்டன. அரசு விசாரணைக் குழு அமைத்து, அடிகளையும் அதில் உறுப்பினராக்கியது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் தீன்கதியா முறையை ஒழித்தது.

ஊமையாய்க் கிடந்த மக்களுக்காகத் தாமே பேசிவிடுதல் எளிது. அவர்தம் கதையை அவர்களே அஞ்சாமல், பொய் கலவாமல் சொல்லும்வரை பொறுமையுடன் செவிமடுத்தார் அடிகள். தலைமைக்கு அதுவே இலக்கணம்.