ஒரே காட்டில் இரண்டு துப்பாக்கிகள்

வேட்டை என்றதும் புலியின் சீற்றமும் வேட்டைக்காரரின் குறியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரே காட்டில் ஒருவரையொருவர் அறியாத இருவர் துப்பாக்கியுடன் நுழைந்தால் என்ன நேரும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. யார் எந்தப் பக்கம் போவது? விழுந்த விலங்கு யாருக்குச் சொந்தம்? புதர் அசைந்தால் அங்கே இருப்பது புலியா, மனிதனா? இக்கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை சொல்லப்படாத காட்டில், புலியைக் காட்டிலும் சக மனிதனே பெரிய ஆபத்து. இதை நன்கு உணர்ந்திருந்தவர் ஜிம் கார்பெட். அவருடைய வீரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பிற வேட்டைக்காரர்களிடம் அவர் காட்டிய மரியாதையைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே அவர் காலமானார். பெரிய குடும்பம், பொறுப்பெல்லாம் தாயின் தலையில் விழுந்தது. கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதூங்கி என்று வாழ்க்கை ஓடியது. உறவினர் ஒருவர் கொடுத்த பழைய துப்பாக்கியே சிறுவனின் முதல் ஆயுதம். மருந்து கெட்டித்துச் சுடும் அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு குழல் பிளந்து கிடந்தது! காட்டில் நடக்கக் கற்றுத்தந்த ஆசான் குன்வர் சிங். அவர் ஓர் ஊர்த் தலைவர். திருட்டு வேட்டையில் கைதேர்ந்தவரும்கூட. அனுமதியின்றி வேட்டையாடியவரின் மாணவர், பின்னாளில் அனுமதியையும் முறையையும் இத்துணை மதித்தார் என்பது வியப்பூட்டும் செய்தி.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கார்பெட் ரயில்வேயில் சேர்ந்தார். கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில், அகலப் பாதை வண்டியின் சரக்குகளை மீட்டர் பாதை வண்டிக்கு மாற்றி ஏற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். வேட்டை அவருக்குத் தொழில் அன்று. விடுமுறையில் செய்த வேலை.

அந்நாளைய வேட்டையில் எழுதிய சட்டங்களும் எழுதாத சட்டங்களும் உண்டு. அரசாங்கக் காடுகளைப் பிளாக்குகளாகப் பிரித்து, குறித்த நாட்களுக்கு ஒரு குழுவினருக்கு வனத்துறையார் அனுமதிச் சீட்டு வழங்குவர். ஜமீன் நிலமானால் ஜமீன்தாரின் இசைவு வேண்டும். ஒரே நிலத்தில் இருவர் இசைவு பெற்றுவிட்டால்தான் சிக்கல். முதலில் எவர் குண்டு பாய்ந்து குருதி வந்ததோ, அவருக்கே தோல் என்பது வழக்கம். பின்னால் வந்தவர் சுட்டு வீழ்த்தினாலும் அவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். காயம்பட்ட விலங்கைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இழிவு. காயப்படுத்தியவரே தேடிச் சென்று அதன் துன்பத்தை முடிக்க வேண்டும். இவ்விதிகள் வெறும் பெருமைக்காக எழுந்தவை என்று நான் கருதவில்லை. காயம்பட்ட புலிக்கு யாரும் பொறுப்பேற்காவிட்டால், மறுநாள் புல்லறுக்கப் போகும் ஏழைப் பெண்ணே அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்ல வருமாறு நைனிதால் டிபுடி கமிஷனர் பெர்தூட், கார்பெட்டை அழைத்தார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர் தொகை 436 என்பது கணக்கு. கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். அங்கே சுற்றிக்கொண்டிருந்த சிறப்பு ஷிகாரிகளையும், அல்மோராவிலிருந்து வந்த சிப்பாய்களையும் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காக வேட்டையாடுபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. யாரோ ஒருவர் குண்டுக்குத் தவறுதலாக இரையாகவும் அவர் அணியமாக இல்லை. பெர்தூட் இரண்டுக்கும் இணங்கினார்.

இதனால் கார்பெட் பிறர் துணையை வேண்டாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. சம்பாவத் தாசில்தார் 298 ஆட்களைத் திரட்டிக் கொடுத்தார். உரிமம் இல்லாத துப்பாக்கிகளும் அன்று வெளியே வந்தன; தாசில்தார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். அவர்கள் மலைமுகட்டில் நின்று பறையடித்து, வெடி வெடித்து, பாறைகளை உருட்டிக் காடு கலைத்தார்கள். கார்பெட் கீழே காத்திருந்தார். தம்மிடமிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்தபின், ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்துதான் கடைசிக் குண்டைச் சுட்டார்! முந்நூறு பேர் கூடிய காட்டில் குழப்பம் நேராமைக்குக் காரணம், யாருக்கு எது வேலை என்பது முன்பே பேசி முடிந்திருந்ததுதான்.

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். கார்வாலில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரீகர் செல்லும் வழியில், ருத்ரபிரயாகைச் சுற்றி, 1918 முதல் ஒரு சிறுத்தை மனிதரைக் கொன்று வந்தது. 1926 வரை அரசாங்கக் கணக்கில் 125 பேர் மாண்டனர். அம்மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் பெற்றவர் 4,000 பேர். சிறுத்தைக்கென்றே மேலும் 300க்கு மேற்பட்ட உரிமங்கள் தரப்பட்டன. பதினாயிரம் ரூபாயும் இரண்டு ஊர்களும் பரிசு என்றார்கள். பத்திரிகைகளிலும் அழைப்பு வெளிவந்தது. கார்பெட்டும் செய்தி அறிந்திருந்தார். ஆனால் அவர் போகவில்லை. அத்தனை துப்பாக்கிகள் இருக்கும் இடத்தில், எழுபது மைல் தொலைவில் லான்ஸ்டௌன் இராணுவ முகாமும் இருக்கையில், வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் முண்டியடித்துக்கொண்டு இருப்பார்கள்; அயலான் ஒருவன் தலையிடுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்று எண்ணிவிட்டார்.

1925இல் ஒருநாள் இரவு நைனிதால் நாடகக் கொட்டகையில், இடைவேளையின்போது உண்மை வெளிப்பட்டது. மாகாண அரசின் தலைமைச் செயலாளர் மைக்கேல் கீன், அச்சிறுத்தையைத் தேடிச் செல்லுமாறு சிலரை வற்புறுத்திக்கொண்டிருந்தார், ஒருவரும் இசையவில்லை. கார்பெட் திகைத்தார். மறுநாளே கீனைச் சென்று கண்டு, தாம் போவதாகச் சொன்னார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தேன். சம்பாவத்தில் உயிரைக் காத்த அதே மரியாதை, கார்வாலில் ஆண்டுக்கணக்காக அவரைத் தடுத்து நிறுத்தியது. அவர் முன்னமே போயிருந்தால் சிறுத்தை விழுந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் மாண்டவர்கள் மாண்டவர்களே. இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? சம்பாவத்தில் அவர் கேட்டார், விடை கிடைத்தது. கார்வாலைப் பற்றிக் கேட்காமல் தாமே ஊகித்துக்கொண்டார். பிறர் எல்லையை மதிப்பது பண்பு. அந்த எல்லைக்குள் உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டறிவதும் அப்பண்பின் பகுதியே.

கார்வாலில் டிபுடி கமிஷனராக இருந்த இபட்ஸனும் கார்பெட்டும் சேர்ந்து வேட்டையாடிய விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவரும் ஒரே மரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். விளக்கு பழுதான இருளில் ஒரே பாதையில் திரும்பியிருக்கிறார்கள். இது யாருடைய சிறுத்தை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1926 மே மாதத் தொடக்கத்தில், கோலாப்ராய் மாமரத்தில் பல இரவுகள் தனியே விழித்திருந்த கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார். 1929 பிப்ரவரியில் கூடிய மாநாட்டில், மூன்று மாவட்டங்களில் திரிந்த மூன்று ஆட்கொல்லிப் புலிகளை ஒழிக்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஊகத்துக்கு இனி இடமில்லை.

கார்பெட்டை முனிவராக்குவது என் நோக்கமன்று. பலரும் பத்தாண்டுகள் விரும்பித் தேடிய போவல்கர் புலியை 1930இல் அவரே சுட்டார்; அது ஆட்கொல்லியும் அன்று. பின்னர் அவர் மனம் துப்பாக்கியினின்றும் காமராவுக்குத் திரும்பியது. காலாதூங்கியில் சோட்டி ஹல்த்வானி என்னும் ஊரை வாங்கி, குடியானவர்களைக் குடியமர்த்தி, காட்டுப்பன்றி நுழையாதபடி சுற்றிலும் கல்மதில் எழுப்பினார். பயிரைக் காக்க ஊராருக்கு ஒரு துப்பாக்கியும் கொடுத்தார். 1936இல் ராம்கங்கை ஆற்றையொட்டி நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் உழைத்தார். 1947இல் தமக்கை மாகியுடன் கென்யா சென்று, 1955 ஏப்ரல் 19இல் அங்கே மறைந்தார். இன்று அப்பூங்கா அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் புலி வேட்டையும் நின்றது. தோல் யாருக்கு என்ற வழக்கும் அதனோடு ஒழிந்தது.

ஆனால் ஒரே இடத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சிக்கல் ஒழியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே கருவிக்குப் பத்துப் பேர் பெயர் எழுதிவைத்திருக்கிறோம். பிறர் நேரத்தில் நாம் கைவைப்பதில்லை, அது நன்று. ஆனால் எழுதியவர் வராமல் கருவி வெறுமனே கிடக்கும்போதும், யாரோ வருவார் என்று நாம் விலகியே போகிறோம். அத்தகைய வேளையில், கார்பெட் மறுநாள் காலை கீனைத் தேடிச் சென்றதுபோல, நாமும் உரியவரிடம் சென்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.