எண்ணிப் பார்த்த மன்னர்

மைசூர் வந்த முதல் நாள், கிருஷ்ணராஜ வட்டத்தில் நிற்கும் சலவைக்கல் மன்னரைக் கண்டும் காணாமல் கடந்தேன். தமிழ்நாட்டில் எனக்கு உரிமை தந்த சாதிச் சான்றிதழ் இம்மாநில ஒதுக்கீட்டில் செல்லாது. வெளி மாநில மாணவனாகவே சேர்ந்தேன். எல்லை தாண்டினால் மாறும் நீதி என்ன நீதி என்று உள்ளம் பொருமியது. விடையின் ஒரு பாதியை அந்த மன்னர் வரலாற்றிலேயே கண்டேன்.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1884 ஜூன் 4-ஆம் நாள் மைசூரில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் ஆட்சியைக் கவனித்துவர, 1902-இல் தாமே பொறுப்பேற்றார். 1916-இல் நம் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் வேந்தர் அவரே.

கல்விக்கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைந்தவர் யார்? நூற்றுக்கு நால்வருக்கும் குறைவாயிருந்த பிராமணரே அரசாங்க உயர் பதவிகளில் பெரும்பகுதியை வகித்தனர். மற்ற வகுப்பார் முறையிட்டனர். 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் மன்னர் ஒரு குழு அமைத்தார். பதவிகளில் பின்தங்கியோர்க்கு இடம் தருவதெப்படி, அவர்களை உயர்கல்விக்குக் கொணர்வதெப்படி என்று ஆராய்வது அதன் பணி.

திவான் விசுவேசுவரய்யா இதை ஏற்கவில்லை. தகுதியே அளவுகோலாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டின் இறுதியில் விலகினார். மன்னர் பெரிதும் மதித்த மனிதர் அவர். இருந்தும் மன்னர் பின்வாங்கவில்லை. ஏழாண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாதார்க்குச் சேரவேண்டும் என்றது குழு. 1921-இல் அரசாணை பிறந்தது. 1940 ஆகஸ்ட் 3-ஆம் நாள் மன்னர் மறைந்தார்.

அவருக்குப் பின்னும் வழக்கு ஓயவில்லை. 1962-இல் மைசூர் மாநில அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்குள் அடங்கவேண்டும், சாதி மட்டுமே அளவுகோலாகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அதைத் தள்ளியது.

நண்பர்களே, ஒதுக்கீடு என்பது அந்தந்த மண்ணின் கணக்கு. தன் மண்ணில் வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்று எண்ணிப் பார்த்தார் இம்மன்னர். என் பாட்டனார் நின்றது வேறொரு மண்ணின் வாசலில்; அந்தக் கணக்கு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இதை உணர்ந்தபின் என் பொருமல் தணிந்தது.

எனினும் என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஊர்விட்டு ஊர் வந்தவனோடு அவன் வறுமையும்தான் வருகிறது. அவனை எந்த மண் எண்ணும்? விடையின் மறுபாதி எனக்கு இன்னும் கிட்டவில்லை. இப்போதெல்லாம் அச்சிலையைக் கடக்கும்போது சற்று நின்றே போகிறேன்.