பனிக்கடல் கண்ட பறவை

கல்லடிப் பாலத்தருகே பாடும் மீனின் ஓசைக்குச் செவிசாய்த்து அமர்ந்திருந்த ஓரிரவில், தென்துருவம் என் நினைவில் எழுந்ததென்றால் நண்பர்கள் நகைப்பர். முழுநிலவில் வாவி உறைபனிபோல் வெளுத்துக் கிடந்ததே காரணம். அன்று நான் எண்ணியது தளபதி ஸ்கொட்டை அன்று. அவரோடு மாண்ட ஹென்றி பௌவர்ஸை. அவர் நம் கடல்களை அறிந்தவர்.

1883இல் ஸ்கொத்லாந்தின் கிறீனொக்கிற் பிறந்த பௌவர்ஸ், வணிகக் கப்பல்களில் உலகைச் சுற்றியபின் 1905இல் இந்தியக் கடற்படைப் பணியிற் சேர்ந்தார். இலங்கையிலும் பர்மாவிலும் பணிபுரிந்தார்; ஐராவதி ஆற்றிற் படகு செலுத்தினார். குள்ளமான உருவம், அலகு போன்ற நீண்ட மூக்கு. ஆகவே தோழர்கள் அவரைப் பறவை என்றே அழைத்தனர். வெயிலில் வாழ்ந்த இம்மனிதரை, நேரிற் காணாமலே, ஸ்கொட் 1910இல் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார். குளிரைப் பொருட்படுத்தாதவர் அவரைப்போல் அக்குழுவில் எவருமில்லை.

1911ஆம் ஆண்டு நடுக்குளிர்காலத்தில், சூரியனே தோன்றாத இருளில், வில்சன், செரி-கராட் ஆகியோருடன் பெங்குவின் முட்டை தேடிச் சென்றார். குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகையையும் எட்டியது. புயல் கூடாரத்தைப் பறித்துச் சென்றது. பின்னர் அது தற்செயலாகக் கிடைத்தது. கொண்டு வந்தவை மூன்றே முட்டைகள்! பறவையினத்தின் தோற்றத்தை அவை காட்டும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. மூன்று முட்டைக்காகவா இத்தனை பாடு என்று மாணவர் கேட்கும்போது நான் விடை கூறாது விடுவதுண்டு.

துருவப் பயணத்திலோ, நால்வருக்கென அளந்த உணவோடு ஸ்கொட் ஐந்தாமவராக இவரையும் சேர்த்தார். அது பெரும் பிழை என்பதே என் எண்ணம். பனிச்சறுக்குக் கட்டைகளை முன்னரே விட்டுவந்திருந்த பௌவர்ஸ், குறுகிய கால்களால் மென்பனியில் நடந்தே துருவத்தை அடைந்தார். 1912 சனவரி 17. அமுண்ட்சன் ஒரு மாதத்துக்கு முன்பே அங்குக் கொடி நாட்டிவிட்டார். மீளும் வழியில் இருவர் மாண்டனர். எஞ்சிய மூவரும், உணவுக் கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் இப்பால், புயலிற் சிக்கி மார்ச் இறுதியில் உயிர்நீத்தனர். பௌவர்ஸுக்கு வயது 28.

நவம்பர் 12இல் அக்கூடாரத்தைக் கண்டெடுத்த குழுவினரின் வண்டிகளை இழுத்தவை இந்தியாவிலிருந்து சென்ற கோவேறு கழுதைகள். ராணி, பேகம், குலாப், லால்கான் என்பன அவற்றுட் சிலவற்றின் பெயர்கள்!

இன்று துருவத்தில் ஆய்வுநிலையம் உண்டு. கோடையில் உல்லாசக் கப்பல்களும் அப்பனிக்கரைகளை நாடிச் செல்கின்றன. மூவரையும் கூடாரத்தோடு மூடிய பனிமேடோ மேற்பரப்பிற் காணக்கிடைக்காது, ஆழப் புதைந்துவிட்டது. ஆயினும் அந்தப் பெரும் பனித்தட்டு ஆண்டுதோறும் கடலை நோக்கி நகர்கிறது. கடலோடியான பௌவர்ஸும் அதனோடு கடலுக்கே சென்றுகொண்டிருக்கிறார்.