பிரமாணிக்கமுள்ள பண்டகக் காப்பாளர்



பிரான்சு நாட்டின் ஷாம்பெய்ன் பகுதிக்குச் செல்லும் பயணிகள், அங்குள்ள பழம்பெரும் திராட்சைத் தோட்டங்களில் தயாராகும் இரசத்தைச் சுவைத்துப் பார்ப்பது வழக்கம். பாலாடைக்கட்டி, ரொட்டி போன்றவை சிறு தட்டுகளில் உடன் வைக்கப்படும். அங்கே தவறாமல் காதில் விழும் பெயர் தோம் பெரிஞோன். இன்று அது விலையுயர்ந்த ஒரு ஷாம்பெய்னின் பெயர். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் வணிகரும் அல்ல, பிரபுவும் அல்ல. தமக்கென்று எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாத ஒரு பெனடிக்ட் சபைத் துறவி அவர்.

பியேர் பெரிஞோன் சான்ட் மெனூ என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1639-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். இளம் வயதிலேயே வெர்தன் நகரிலிருந்த புனித வான் துறவு மடத்தில் சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தார். 'தோம்' என்பது பெனடிக்ட் சபைத் துறவியரை மரியாதையாக அழைக்கும் சொல்.

1668-ஆம் ஆண்டில் எபெர்னே நகருக்கு அருகே, மார்ன் ஆற்றைப் பார்த்தபடி குன்றின்மீது அமைந்த ஓவிலே மடத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். 7-ஆம் நூற்றாண்டில் ரெய்ம்ஸ் ஆயர் புனித நிவார் நிறுவிய மடம் அது. அங்கே அவருக்குக் கிடைத்த பணி பண்டகக் காப்பாளர் பணி. மடத்தின் நிலம், தோட்டம், சமையலறை, களஞ்சியம், வரவு செலவு அனைத்தும் அவர் பொறுப்பு. வேறு துறவிகள் நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற அந்தக் காலத்தில், இவர் கணக்கேட்டோடும் திராட்சைச் செடிகளோடும் வாழ்ந்தார். ஓராண்டு ஈராண்டு அல்ல, 47 ஆண்டுகள்!

புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கின் 31-ஆம் அதிகாரத்தில் பண்டகக் காப்பாளரைப் பற்றி எழுதியிருக்கிறார். மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் அவர் பீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் மதித்து நடத்த வேண்டும் என்பது அதில் அடங்கிய கட்டளை. தோம் பெரிஞோன் அதைத் தம் தோட்டத்தில் கடைப்பிடித்தார். கொடிகளைக் குட்டையாகக் கத்தரித்து, குறைவாக, ஆனால் தரமாகக் காய்க்கச் செய்தார். வெயில் ஏறுமுன் குளிர்ந்த காலையில் பழம் பறிக்கச் சொன்னார். நசுங்கிய பழங்களை ஒதுக்கினார். கறுப்புத் திராட்சையை மெதுவாகப் பிழிந்து, தோலின் நிறம் இறங்காமல் தெளிந்த வெள்ளை இரசம் எடுத்தார்.

பழங்களைச் சுவைத்தறிவதில் அவர் வல்லவர். அவருக்கு உதவியாளராக இருந்த சகோதரர் பியேர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். வெவ்வேறு தோட்டங்களின் பழங்களை இரவில் சன்னலோரம் வைத்திருந்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் சுவைத்துப் பார்ப்பாராம். எந்தத் தோட்டத்துப் பழத்தோடு எதைச் சேர்க்க வேண்டும் என்பதை அதன்பின் முடிவு செய்வாராம்.

அப்படியானால் நுரைக்கும் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் அவர்தானா? இல்லை என்பதே உண்மை. ஷாம்பெய்ன் குளிர்ப் பகுதி. குளிர்காலத்தில் பாதியில் நின்றுபோகும் நொதித்தல் வசந்தத்தில் மீண்டும் தொடங்கும். அப்போது உண்டாகும் வாயு பாட்டில்களை வெடிக்கச் செய்யும். அக்காலத்தில் நுரை என்பது இரசத்தின் குறையாகவே கருதப்பட்டது. தோம் பெரிஞோன் அதைத் தடுக்கவே பாடுபட்டார். இரசத்தில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்வது பற்றி இலண்டனில் ஓர் ஆங்கிலேய மருத்துவர் 1662-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்திருந்தார். தோம் பெரிஞோன் ஓவிலே வந்து சேர்ந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

பிரெஞ்சுப் புரட்சியில் ஓவிலே மடம் மூடப்பட்டது. அதன் துறவிகளில் ஒருவரான தோம் குரோசார் 1821-ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில், நுரைக்கும் இரசத்தின் பெருமையைத் தோம் பெரிஞோனுக்குச் சூட்டினார். அவர் பார்வையற்றவர் என்பதும், நுரையைக் கண்டு விண்மீன்களைப் பருகுவதாக வியந்தார் என்பதும் பிற்காலக் கதைகளே. வணிக உலகம் அவற்றைப் பரப்பியது. 1921-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அவர் பெயரிலேயே ஷாம்பெய்ன் தயாரித்து, 1930-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

1715 செப்டம்பரில், பிரான்சின் அரசர் 14-ஆம் லூயி மறைந்த அதே மாதத்தில், தோம் பெரிஞோனும் இறைவனடி சேர்ந்தார். ஓவிலே ஆலயத்தில் அவர் கல்லறைமீது இலத்தீன் மொழியில் சில வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 47 ஆண்டுகள் பண்டகக் காப்பாளராக இருந்தார், மடத்தின் உடைமைகளைச் சிறப்பாக நிர்வகித்தார், நற்பண்புகள் நிறைந்தவர், குறிப்பாக ஏழைகள்மீது தந்தைக்குரிய அன்பு கொண்டிருந்தார் என்பதே அவற்றின் பொருள். நுரையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. திராட்சை இரசத்தைப் பற்றியும் இல்லை.

அன்பார்ந்தவர்களே! அவர் செய்யாத ஒன்றுக்காக உலகம் அவரைப் புகழ்கிறது. அவர் உண்மையாகச் செய்ததை உடன் வாழ்ந்த சகோதரர்களும் ஏழைகளும் அறிந்திருந்தனர். கடவுளும் அறிந்திருந்தார். தாலந்து உவமையில் ஆண்டவர் பாராட்டுவது பெயர்பெற்ற பணியாளரை அல்ல, சிறியவற்றில் நம்பிக்கைக்கு உரியவராய் இருந்த பணியாளரையே. பங்கின் கணக்கை எழுதுபவரும், விடுதியில் சமைப்பவரும், ஆலயத்தைப் பெருக்கிப் பீடத்துணி துவைப்பவரும் யாருடைய கண்ணிலும் படாமல் உழைக்கிறார்கள். அவர்கள் கையாளும் துடைப்பமும் கரண்டியும் கடவுளின் பார்வையில் திருப்பாத்திரங்களே.

இன்னொன்றையும் மனதில் கொள்வோம். திராட்சை இரசம் மனித உள்ளத்திற்கு மகிழ்ச்சி தரக் கடவுள் அளித்த கொடை என்கிறது திருப்பாடல் 104. அதே கொடை அளவு மீறினால் கசப்பையும் சண்டையையும் கொண்டுவரும் என எச்சரிக்கிறது சீராக்கின் ஞானம் 31. குடியால் சிதைந்த குடும்பங்களை நாம் அறிவோம். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பொறுப்போடு நடத்திய இத்துறவியின் வாழ்வு, கடவுளின் கொடைகளை அளவோடு பயன்படுத்தவும் நம்மை அழைக்கிறது.

நம் கையில் ஒப்படைக்கப்பட்டது பெரிதோ சிறிதோ, அதைப் பிரமாணிக்கத்தோடு காத்து, ஏழைகளோடு பகிர்ந்து வாழ இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.