உயர்ந்தோர் கைம்மாறு

அசன்சோலிலிருந்து மதுப்பூர் செல்லும் இருப்புப் பாதையில் வித்தியாசாகர் என்றொரு சிறு நிலையம் உண்டு. ரயில்வே ஏடுகளில் அப்பெயரைப் பன்முறை எழுதிய அடியேன், அப்பெருமகனாரின் வரலாற்றைச் சங்க அன்பர்கட்கு நினைவூட்ட விழைகின்றேன்.

ஈசுவர சந்திரர் 1820 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் வங்கத்தில் வீரசிங்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். குலத்தால் அந்தணர், பொருளால் வறியர். தந்தையார் கல்கத்தாவில் சொற்ப ஊதியத்திற்கு உழைத்து மகனைப் படிக்க வைத்தார். வடமொழிக் கல்லூரியில் பயின்று வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்ற அவர், 1851 இல் அக்கல்லூரிக்கே முதல்வரானார். அதுவரை அந்தணரும் வைத்தியரும் மட்டுமே பயின்று வந்த அக்கல்லூரியின் கதவைப் பிற குலத்தார்க்கும் திறந்துவிட்டார். தம் குலத்தாரின் தனியுரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தல் எளிய செயலன்று.

கைம்பெண் மறுமணச் சட்டம் 1856 இல் நிறைவேற அயராது பாடுபட்டார். அத்தகைய மணங்களைத் தம் செலவிலேயே நடத்திக் கடனாளியுமானார். பிறர்க்குச் சொன்னதோடு நில்லாமல், 1870 இல் தம் ஒரே மகன் கைம்பெண் ஒருத்தியை மணந்தபோது மனமுவந்து ஏற்றார்.

1866 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சொந்த ஊரில் அன்னசத்திரம் அமைத்தார். உண்ண வந்த பெண்களின் தலை எண்ணெயின்றி வறண்டிருக்கக் கண்டு எண்ணெய் வழங்கச் செய்தார். பணியாளரோ தாழ்ந்த குலத்துப் பெண்கட்கு எட்ட நின்றே ஊற்றினர். அதனைக் கண்ட வித்தியாசாகரர் தாமே முன்சென்று அப்பெண்களின் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார். சோறு எட்ட நின்றும் இடலாம். மதிப்பை அருகே சென்றே அளிக்க வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

முதுமையில் நகரத்தின் ஆரவாரத்தை வெறுத்துக் கர்மாடார் என்னும் இடத்தில் வீடமைத்து, சந்தால் மக்களிடையே வாழ்ந்தார். நோயுற்றோரின் குடிசை தேடிச் சென்று ஓமியோபதி மருந்தளித்தார். 1891 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மறைந்தார். கர்மாடார் நிலையமே பின்னாளில் அவர் பெயரை ஏற்றது.

அன்பர்களே! நமது குடியிருப்பில் வீட்டின் அளவே ஒருவரது பதவியைச் சொல்லிவிடும். மேலே இருப்போர் கீழே இருப்போர்க்கு நன்கொடை ஈவது நன்று. விழாப் பந்தியில் அவரருகே இலை போட்டு அமர்வது அதனினும் நன்று. பதவி ஓய்வு நாளோடு முடிவது. அருகமர்ந்த நினைவோ நீடு நிற்பது.