டென்னிஸ் வீட்லி: கொலையைக் கோப்பாகக் கட்டியவர்

துப்பறியும் நாவல் படிக்கும்போது கொலைகாரன் யாரென்று நாமும் ஊகித்துக்கொண்டேதான் போகிறோம். ஆனால் தடயம் என்று ஆசிரியர் எழுதுவதைத்தான் நம்பியாக வேண்டும். அந்தத் தடயத்தையே கையில் கொடுத்துவிட்டால்? 1936இல் அதைச் செய்து காட்டியவர் டென்னிஸ் வீட்லி.

1897இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. டல்விச் பள்ளி இவரை வெளியேற்றியது. முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் போய், நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டுத் திரும்பினார். ராணுவத்தில் கிடைத்த நண்பர் எரிக் கார்டன் டோம்ப். நிறையப் படித்தவர், கூடவே மோசடிப் பேர்வழி! 1922இல் டோம்ப் காணாமல் போனார். மறு ஆண்டு, சர்ரேயில் உள்ள கென்லியில், கழிவுத் தொட்டி ஒன்றிலிருந்து உடலை எடுத்தார்கள். சந்தேகத்துக்குரிய கூட்டாளி எர்னஸ்ட் டையரோ அதற்கு முன்பே, போலீசார் பிடிக்க வந்தபோது நடந்த கைகலப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்திருந்தான். வழக்கு மன்றத்துக்கே வரவில்லை. வீட்லி பின்னாளில் படைத்த உளவாளி கிரிகரி சல்லஸ்டிடம் டோம்பின் சாயல் உண்டு.

1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தில் ஒயின் வியாபாரம் கைவிட்டுப் போனது. மனைவி ஜோன் தூண்ட, எழுத உட்கார்ந்தார். 1933இல் வெளிவந்த முதல் நாவலே சக்கைப் போடு போட்டது.

அடுத்துத்தான் நம் விஷயம். ஜோ லிங்க்ஸ் என்ற நண்பர் (தொழில் ரோம ஆடை வியாபாரம், பின்னாளில் வெனிஸ் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர்) யோசனை சொல்ல, வீட்லி 'மயாமிக் கடலில் கொலை' என்ற கோப்பை எழுதினார். ஆம், கோப்புதான். தந்திகள், கையெழுத்துக் கடிதங்கள், புகைப்படங்கள், வாக்குமூலங்கள். சின்ன உறைகளில் நிஜமான தலைமுடி, தீக்குச்சி, கறை படிந்த திரைத்துணித் துண்டு. தீர்வு கடைசியில், ஒட்டி மூடிய பக்கங்களில். விலை மூன்றரை ஷில்லிங்.

உல்லாசப் படகிலிருந்து ஒரு சோப்பு முதலாளி மறைந்துபோகிறார். கெட்டரிங் என்ற அதிகாரி படகில் விசாரித்து அறிக்கை அனுப்புகிறார். மேலதிகாரி ஷ்வாப் நாற்காலியை விட்டு எழாமல் காகிதங்களைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுகிறார். நமக்கும் அதே காகிதங்கள்தாம். எங்கோ நின்றுபோன சர்வரை அதன் பதிவுகளை மட்டும் வைத்து ஆராயும் என் போன்றவர்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகவே புரியும்.

புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள், வாசகர்கள் தயங்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1939க்குள் இன்னும் மூன்று கோப்புகள் வந்தன. ஒன்றில் கிழித்துப் போட்ட புகைப்படத்தை நாமே ஒட்டிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள்தாம். ஆனால் தடயத்தில் ஏமாற்று இல்லை. நண்பனின் சாவில் இவருக்குக் கிடைக்காதது, ஒட்டிய பக்கத்துக்குள் இருக்கும் அந்தப் பதில்.

இரண்டாம் உலகப் போரில் இவரை எதிரியை ஏமாற்றத் திட்டமிடும் ரகசியக் குழுவுக்கு அழைத்துக்கொண்டார்கள். இப்போது வாசகர்கள் ஜெர்மானிய உளவுத்துறையினர், தடயங்கள் பொய். 1944இல் நேசப்படைகள் எங்கே இறங்கும் என்பதில் ஹிட்லரைக் குழப்பிய திட்டங்களில் அந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1977இல் இறந்தார். அதன்பின் கோப்புகள் முடியும் தீக்குச்சியுமாக மறுபதிப்பும் கண்டன. 1936 பதிப்பைத் தேடும் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கங்களை: யாராவது பிரித்திருக்கிறார்களா என்று.